குழாய் ஸ்பீக்கருக்குப் பாட்டுத் தொகுத்தல்: வீட்டு விசேசங்களுக்கு ஒரு பென் ட்ரைவ்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு வீட்டில் விசேசமென்றால் பந்தல்கால் நட்ட கையோடு குழாய் ஸ்பீக்கரும் மரத்தில் ஏறிவிடும். எந்த வளவில் என்ன நடக்கிறது என்பதை ஊருக்குச் சொல்வது அந்தக் குழாய்தான். ஆனால் இப்போது பல இடங்களில் யாரோ ஒருவருடைய போனைச் செருகிவிட்டு, யூடியூப்பில் வருவது வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பெண் மணவறைக்கு வரும் நேரம் காதல் தோல்விப் பாட்டு போகிறது, பாற்சோறு பரிமாறும் நேரம் விளம்பரம் போகிறது. கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் இது எதுவுமே நடக்காது.

விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கத்து வீடுகளில் வழமையாக நடக்கும் விசேசங்களுக்கு ஒரு பென் ட்ரைவில் பாட்டுகளைத் தொகுத்து, வீடுகளில் கிடந்த பழைய கசற்றுகளையும் அதில் ஏற்றி, 12 வோல்ற் அம்ப்ளிபயரிலும் இரண்டு குழாயிலும் போட்டுக் கேட்டுச் சரிசெய்த வேலையின் விபரம் இது.

பாட்டைத் தேர்வது

முதலடி பொருந்தினால் போதாது. கடைசிச் சரணம் வரை கேட்டுவிட்டுத்தான் கோப்புறைக்குள் போட வேண்டும். படத்தில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பந்தலுக்குள் இருக்கும் பெரியவர்களுக்குப் பாட்டோடு படமும் நினைவுக்கு வரும். பாசமலர் (1961) படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ தாலாட்டு, குழந்தையின் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அது பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தங்கள் பிள்ளையைத் தாலாட்டும் பாட்டு. கூடப்பிறந்தவனை 2009 போரில் பறிகொடுத்த தாய் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் விசேசம் அழுகையில் போய் நிற்கும். வன்னியில் அப்படி ஒருவரேனும் இல்லாத வீடு குறைவு.

ஆகவே பாட்டுப் போடப் போகும் ஆள் முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வைக்க வேண்டும்: அண்ணன் தங்கைப் பாட்டுப் போடலாமா, தாய் பாட்டுப் போடலாமா, இந்த வீட்டில் ஆருக்காவது பிடித்து, இப்போது கேட்க ஏலாமல் இருக்கிற பாட்டு ஏதும் உண்டா. கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். சொன்ன பாட்டை அழிக்க வேண்டாம், ‘இங்கே வேண்டாம்’ என்று தனிக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டால் சரி.

கலியாணவீட்டில் அடிக்கடி மாறிப் போகும் இரண்டு பாட்டு உண்டு. ‘வாராயென் தோழி வாராயோ’, எல். ஆர். ஈஸ்வரி பாடியது, பாசமலரில் வருவது. பெண்ணைத் தோழிமார் மணவறைக்குக் கூட்டிவரும் நேரத்துக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்தும். ‘மணமகளே மருமகளே வா வா’, சாரதா (1962) படத்துப் பாட்டு, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்துக்கானது. இதைப் பெண்வீட்டுப் பந்தலில் காலையிலேயே போட்டுவிட்டால் பின்னேரம் அங்கே போடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு பாட்டை ஒரு விசேசத்தில் ஒரு தடவைதான் போட வேண்டும் என்பது எங்கள் கட்டாய விதி.

கலியாணக் கோப்புறையின் ஒழுங்கு: காலையில் பிள்ளையார் பாட்டு, சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ முதலாவது. அதன் பிறகு முருகன், அம்மன் பாட்டுகள் ஒரு மணித்தியாலத்துக்கு. பந்தலில் சனம் சேரும்போது ஐம்பது, அறுபதுகளின் மெல்லிசைப் பாட்டுகள். ஐயர் சடங்கைத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் இருக்கிற இடத்தில் ஸ்பீக்கருக்கு வேலையில்லை, தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்துக்கு மேலே ஒரு பாட்டும் போகக் கூடாது. சாப்பாட்டுப் பந்திக்குப் பேச்சு கேட்கும் அளவில் எண்பதுகளின் பாட்டுகள். பந்தி முடிந்து இளசுகள் நிற்கும்போது நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற எங்கள் ஊர்ப் பொப் பாட்டுகள். அது தொடங்கியதும் கதிரைகள் தானாக ஓரமாகும்.

சாமத்தியவீட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே நடுவில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. உடல் வர்ணனைப் பாட்டும் காதல் டூயற்றும் அந்தப் பிள்ளையை ஊருக்கு முன்னால் கூசவைக்கும். வீடியோக்காரர் கேட்டாலும் போட வேண்டாம். மகளைக் கொண்டாடும் பாட்டு, பூவும் விளக்கும் வரும் பாட்டு, தாலாட்டுச் சாயலில் உள்ளவை தேடினால் இருபது முப்பது கிடைக்கும். தண்ணி வார்த்து ஆராத்தி எடுத்து முடிக்க அது தாராளம்.

குடிபூரலுக்குப் பால் காய்ச்சும் வரை பக்திப் பாட்டு மட்டும். வீட்டுத்திட்ட வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அங்கே குழாய் தேவையில்லை, விறாந்தையில் ஒரு பெட்டி ஸ்பீக்கர் வைத்தால் காணும். ஜனவரி முதலாம் திகதிக்கு ‘இளமை இதோ இதோ’ இல்லாமல் விடமாட்டார்கள், சரி. சித்திரை வருசத்துக்கும் பொங்கலுக்கும் அது வேண்டாம். மே மாதம் 18ஆம் திகதியை ஒட்டி முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும் நாட்களில் கொண்டாட்டக் கோப்புறைகளைத் தொடவே வேண்டாம்.

செத்தவீட்டுக்கும் ஒரு கோப்புறை வேண்டும். அதில் தேவாரமும் சிவபுராணமும் திருவாசகத்தின் மற்றப் பதிகங்களும், வாத்தியம் குறைந்த பதிவுகளாக. படலையைத் தாண்டாத சத்தம். ‘வீடு வரை உறவு’ போன்ற சினிமாத் தத்துவப் பாட்டுகளைப் பிரேதம் இருக்கும் வீட்டில் போடுவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது, இழந்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை. சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணத்தின் இருபது பாட்டையும் நேரில்தான் பாடுவார்கள். அப்போது பாட்டை முற்றாக நிறுத்தி, பாடுபவருக்கு மைக்கைத் திறந்து கொடுக்க வேண்டும். முற்றத்தில் பறை முழங்கும்போது எதுவும் வேண்டாம்.

கசற்றிலிருந்து எடுப்பது

இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலில் இருந்து வீட்டில் பதிந்தவை, கோயில் திருவிழாவில் பதிந்தவை, பிள்ளைகள் பாடிப் பதிந்தவை என்று பல வீடுகளில் இன்னும் கசற் கிடக்கிறது. கடையில் கிடைக்காத பாட்டு அவற்றில்தான் இருக்கும். நேரே டெக்கில் போட்டு ஓட்டினால் நாடா சிக்கி அறும். முதலில் கசற்றின் நடுவில் உள்ள சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம், மாரிக்காலத்து ஈரத்தில் வருவது. டெக்கில் போட்டால் மற்றக் கசற்றுகளுக்கும் ஒட்டும். முகத்துக்கு மாஸ்க் போட்டு, ஐந்து திருகாணியையும் கழற்றி, நிழலில் காற்றாட உலரவிட்டு, காய்ந்த மெல்லிய பருத்தித் துணிக்குள் நாடாவைப் பிடித்துக்கொண்டு பேனையால் சுற்றித் துடைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் நாடா நெளிந்துவிடும்.

திருகாணி இல்லாமல் ஒட்டிய கசற் என்றால் கத்தியால் பொருத்து வழியே மெல்ல நெம்பித் திறந்து, இரண்டு சுருளையும் திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாடாவை டெக்கின் தலையோடு (நாடாவை வாசிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு, செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும், பழைய கசற்றுகளில் அது விழுந்து போயிருக்கும். அது இல்லாவிட்டால் பாட்டு தூரத்தில் கேட்பதுபோல் மங்கி, வந்து வந்து போகும். பசை போட்டு ஒட்டப் பார்ப்பது வீண், பசை நாடாவில் படும். வேண்டாத கசற் ஒன்றிலிருந்து தகட்டோடு சேர்த்து எடுத்துப் போடுவதுதான் வழி. 90 நிமிடம் ஓடும் சி90 நாடா 60 நிமிட சி60ஐ விட மெல்லியது, அதை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும்.

டெக்கின் தலையையும் உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த காதுப்பஞ்சால் துடைக்க வேண்டும். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், சிலவற்றில் எண்ணெயும் இருக்கும். றப்பர் உருளைக்கு அற்ககோல் ஆகாது, காய்ந்து வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் தொட்ட துணி போதும், நன்றாக உலர்ந்த பிறகு ஓட்டலாம். கசற்றைப் போட்டதும் முழுதாக ஒரு தடவை முன்னுக்கும் ஒரு தடவை பின்னுக்கும் ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும்.

பாட்டு மந்தமாக இருந்தால் சத்தத்தைக் கூட்ட முதல் தலையின் சாய்வைப் பார்க்க வேண்டும். தலைக்குப் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போது அதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்பி, ‘ஸ’, ‘ச’ ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். கசற் வேறு டெக்கில் பதியப்பட்டிருப்பதால்தான் இந்தச் சாய்வு வித்தியாசம்.

தொண்ணூறுகளில் போரினால் பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் ஓடிய றெக்கோடர்களில் பதிந்த கசற்றுகள் தனிக் கரைச்சல். பதியும்போது மோட்டார் மெதுவாக ஓடியிருந்தால் இப்போது சரியான வேகத்தில் போடும்போது குரல் கீச்சென்று உயரும். ஓடாசிற்றி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ‘சுருதி மாற்று’ என்பதைத் தொட வேண்டாம், ‘வேகம் மாற்று’ என்பதைத்தான் பாவிக்க வேண்டும், ஏனென்றால் சுருதியும் ஓட்டமும் இரண்டும் சேர்ந்தே பிழைத்திருக்கின்றன. அரைச் சுரம் ஏறியிருந்தால் வேகத்தை 5.6 சதவீதம் குறைக்கச் சரியாகும். நடுவில் ஏறி இறங்கினால் துண்டு துண்டாகத் திருத்தலாம், ஆனால் முழுமையாக வராது.

டெக்கின் லைன் அவுட்டில் இருந்து கணினியின் லைன் இன்னுக்கு. போனின் மைக் துளைக்குள் செருகினால் இரைச்சலும் வெடிப்பும்தான் வரும். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சி60 இரண்டு பக்கமும் ஸ்ரீரியோ வேவ் கோப்பாக ஏறத்தாழ 635 எம்பி வரும், அதை அழிக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். இரைச்சல் குறைப்பதை 6 டெசிபெல்லோடு நிறுத்துவது நல்லது. 15, 20 என்று கூட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். வானொலி அறிவிப்பாளரின் குரல் பாட்டின் தொடக்கத்தில் இருந்தால் வெட்ட வேண்டாம், பலருக்கு அதுவும் பாட்டின் ஒரு பங்குதான்.

எங்கள் வயலுக்கு எங்கள் பாட்டு

சினிமாப் பாட்டு எதுவும் ஒத்துவராத ஒரு இடம் வயல். காலபோக நெல் பால்பிடிக்கும் நேரம் இரவுக் காவல் இருக்கும் கொட்டிலுக்கும், அரிவு வெட்டுக்கும் வன்னிக்கென்றே பாட்டு உண்டு. பன்றியை விரட்டிக் காவல் இருப்பவர்களின் பன்றிப்பள்ளு, குருவி கலைப்பவர்களின் குருவிப்பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி. இவை அச்சில் கிடைக்கலாம், மெட்டு வயதானவர்களின் வாயில்தான் இருக்கிறது. வெட்டு மெசின் வந்த பிறகு வயலில் பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆகவே பதிவது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

போனே போதும். பதியும் செயலியில் வேவ், 48,000 ஹேர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வைத்து, விமானப் பயன்முறையில் போட வேண்டும். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் ஒரு தலையணை மேல் வைத்தால் மூச்சுக்காற்று அடிக்காது. மின்விசிறி நிற்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பதிந்தால் குரல் தெறிக்கும், மரநிழலில் காற்றில்லாத காலை நேரம் நல்லது. முதல் தடவை பாடுவது ஞாபகப்படுத்துவதற்கு, நல்ல பதிவு பெரும்பாலும் இரண்டாவதில் வரும். இடையில் திருத்தாமல் பாடவிட வேண்டும். பாடியவரின் ஊர், ஆரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது என்பதையும் அவர் வாயாலேயே கடைசியில் பதிந்துகொள்ள வேண்டும். இதை ஸ்பீக்கரில் போடலாமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் போட வேண்டும். ஒப்பாரியை விசேச வீட்டில் போடுவதற்குப் பாடியவரே சம்மதிக்க மாட்டார்.

ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருதல்

அறுபதுகளின் பாட்டு முடிந்து புதுப் பாட்டு தொடங்கும்போது குழாய் அலறுவது இதனால்தான்: புதுப் பாட்டுகள் முழுக்க அமுக்கிச் சத்தம் ஏற்றிப் பதியப்பட்டவை. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்பையும் போட்டு 89 டெசிபெல் என்று வைத்தால், 1.5 டெசிபெல் படிகளாக ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிச் சமப்படுத்தும். பாட்டின் தரம் குறையாது. வெறும் குறிப்பாக மட்டும் எழுதி வைக்கும் முறையைத் தேர்ந்தால் மலிவு யூஎஸ்பி பிளேயர்கள் அதை வாசிக்காது, கோப்பையே மாற்றும் முறையைத்தான் தேர வேண்டும்.

குழாய்க்குப் போகும் பாட்டு மோனோவாக இருக்க வேண்டும். இடப்பக்க வயரை மட்டும் இணைத்தால் சில ஸ்ரீரியோப் பாட்டுகளில் கோரஸ் முழுதும், சிலவற்றில் வயலின் முழுதும் காணாமல் போகும். இரண்டு பக்கத்தையும் வெறுமனே முறுக்கிச் சேர்ப்பதும் பிழை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 1 கிலோ ஓம் றெசிஸ்ரர் போட்டு அதன் பிறகு சேர்க்க வேண்டும், அல்லது கணினியிலேயே மோனோவாக மாற்றிவிட வேண்டும். எம்பி3 கோப்பாக, 128 கேபிபிஎஸ், மாறாத பிற்றேற். நான்கு நிமிடப் பாட்டு 3.8 எம்பி அளவில் வரும், 8 ஜிபி பென் ட்ரைவில் இரண்டாயிரம் பாட்டு கொள்ளும். அதற்கு மேல் ஒரு ஊருக்குத் தேவைப்படாது.

பென் ட்ரைவை ஃபாட்32இல் போமற் செய்ய வேண்டும், மற்றவற்றைப் பல பிளேயர்கள் தொடவே மாட்டா. இந்தப் பிளேயர்கள் பெயர் ஒழுங்கில் போடாமல் கோப்புகள் ஏறிய ஒழுங்கில் போடும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிந்து இழுத்துப் போட்டால் ஒழுங்கு குலையும். 001, 002 என்று இலக்கமிட்டு, கோப்புறை கோப்புறையாக, வரிசையாகப் பிரதியெடுக்க வேண்டும், அல்லது ஃபாட்சோர்ட் மென்பொருளால் பிறகு ஒழுங்குபடுத்தலாம். தமிழெழுத்துப் பெயர் சின்னத் திரையில் பெட்டி பெட்டியாகத் தெரியும், அதனால் இலக்கமும் ஆங்கில எழுத்தில் சுருக்கப் பெயரும். பாட்டின் முழு விபரத்தை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி அம்ப்ளிபயர் மூடிக்குள் ஒட்டிவிடலாம்.

குழாயும் பற்றறியும்

குழாய் ஸ்பீக்கர் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது. பேஸைக் கூட்டினால் சத்தம் வராது, உள்ளே இருக்கும் மென்தகடுதான் கிழியும். 16 ஓம் குழாய் ஒவ்வொன்றுக்கும் தொடரில் ஒரு 33 மைக்ரோபராட், 100 வோல்ற், நொன்-போலார் (பிளஸ் மைனஸ் பார்க்கத் தேவையில்லாத) கப்பாசிற்றர் போட்டால் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். பாட்டுக் கோப்பிலேயே பேஸை வெட்டலாம் என்று சிலர் செய்கிறார்கள், ஆனால் அந்தக் கோப்பைப் பெட்டி ஸ்பீக்கரில் போட்டால் வெளிறிப் போயிருக்கும். பழைய பாட்டுகளில் குரல் நடுவெளியில் நிற்பதால்தான் குழாயில் அவை அவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன.

இரண்டு 16 ஓம் குழாயைச் சமாந்தரமாக இணைத்தால் 8 ஓம், அம்ப்ளிபயரின் 8 ஓம் முனைக்கு. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது, மாறினால் ஒன்றையொன்று வெட்டும். 50 மீற்றர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் போய்வர 2.3 ஓம், அம்ப்ளிபயர் தருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வயரிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் அது எட்டில் ஒன்றாகும். குழாயின் வாய் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் மழைத்தண்ணி தங்காது.

60 ஆம்பியர்-மணி பற்றறியில் பாதியைத்தான் பாவிக்க வேண்டும். 60 வாற் அம்ப்ளிபயர் பாட்டுக்குச் சராசரியாக 4 ஆம்பியர் எடுத்தால் ஏழு மணித்தியாலம் தாராளமாக ஓடும். ஓடும்போது 11.8 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திச் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் தகடுகள் கெடும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ். போனில் இருந்து பாட்டுப் போட்டே ஆகவேண்டுமென்றால் அதே பற்றறியில் போனைச் சார்ஜ் போடக் கூடாது, ‘ங்ங்’ என்ற இரைச்சல் பாட்டோடு வரும். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை, 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. விசேசத்துக்கு முதலே பொலிஸில் அனுமதி எடுத்து, தாளை அம்ப்ளிபயரோடு வைத்திருக்க வேண்டும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் அனுமதி இருந்தாலும் குழாயை இறக்கிப் பெட்டி ஸ்பீக்கரோடு முடிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

விசேசம் முடிந்ததும் ஆர் எந்தப் பாட்டைக் கேட்டார்கள், எது இல்லாமல் போனது என்று அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த கிழமை ஏற்ற வேண்டும். பென் ட்ரைவைப் பிளேயரில் செருகியபடி விட்டு அம்ப்ளிபயரைத் தூக்கினால் முனை வளைந்து உடையும், கழற்றிப் பெட்டிக்குள் போட்ட பிறகே வயரைச் சுற்றத் தொடங்கலாம்.